ராபர்ட் பிரிலெவ்ஸ்கி: போலந்து பங்க் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்

பிரிலெவ்ஸ்கி பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, பெயரே கேள்விப்பட்டதில்லை. யார் இவர்?

போலந்தில் பங்க், அதாவது அந்த வேகமான முரட்டு ராக் இசை, என்று பேச்சு வந்தால் முதல் ஐந்து நிமிடத்துக்குள் இவர் பெயர் வந்துவிடும். 1961இல் தெற்குப் போலந்தின் கொஷென்ச்சினில் பிறந்தார். அப்பா அம்மா இருவரும் ‘ஷ்லொன்ஸ்க்’ என்ற அரசு நாட்டுப்புறப் பாடல், நடனக் குழுவின் கலைஞர்கள். அதாவது கம்யூனிச அரசு வெளிநாட்டு விருந்தினர்களுக்குப் பெருமையாகக் காட்டிய அதே கலை உலகத்துக்குள் பிறந்த பையன் வார்சாவுக்கு வந்து கிட்டாரை எடுத்தான். தொடங்கிய இசைக்குழுக்கள் வரிசையாக: 1979இல் கிரிசிஸ், 1981இல் பிரிகாடா கிரிசிஸ், 1983இல் இஸ்ராயெல், அப்புறம் ஆர்மியா. ஒன்று நன்றாகப் போகும்போதே அடுத்ததற்குத் தாவிவிடுவார். ஒரே இசைக்குழுவைப் பிடித்துக்கொண்டு நாற்பது வருடம் ஓட்டியவர்களைவிட எனக்கு இவரைப் பிடிக்கக் காரணமே அதுதான்.

இரும்புத்திரைக்கு அந்தப் பக்கம் பங்க் எப்படிப் போய்ச் சேர்ந்தது?

திரையில் ஓட்டைகள் இருந்தன. இரவில் மேற்கத்திய வானொலி கேட்கும். வெளிநாடு போய் வந்தவர் ஒரு இசைத்தட்டு கொண்டுவந்தால் அது பத்து வீட்டில் டேப்பில் ஏறிவிடும். 1978லேயே லண்டனிலிருந்து ரெயின்கோட்ஸ் குழு வந்து வார்சாவின் ரெமொன்ட் மாணவர் கிளப்பில் வாசித்திருக்கிறது. 1980இல் கடலோர ஊரான கொவோப்ஷெக்கில் நியூ வேவ் (பங்க்கிலிருந்து கிளைத்த இசை) விழாவே நடந்தது, கிரிசிஸும் அதில் வாசித்தது. இறைச்சிக்கு வரிசையில் நிற்கும் நாட்டில் ஒரு குழு தனக்கு கிரிசிஸ், அதாவது ‘நெருக்கடி’, என்று பெயர் வைத்தால் அதற்கு விளக்கவுரை எதற்கு?

அரசாங்கம் சும்மாவா விட்டது?

இதுதான் நிறையப் பேர் கேட்டது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பாடல் வரிகளைத் தணிக்கை அலுவலகத்துக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டும், முத்திரை விழுந்தால்தான் மேடை. இசைத்தட்டு நிறுவனங்களும் அரசின் பிடியில். 1980 ஆகஸ்ட் வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு சாலிடாரிட்டி தொழிற்சங்கம் எழுந்ததும் பிடி கொஞ்சம் தளர்ந்தது. அந்த இடைவெளியில்தான் தில்ட் குழுவிலிருந்த தோமாஷ் லிபின்ஸ்கியும் இவரும் சேர்ந்து பிரிகாடா கிரிசிஸை ஆரம்பித்தார்கள். அதே 1981இல் கிரிசிஸின் பதிவுகள், குழுவைக் கேட்காமலேயே, பிரான்சில் ஆல்பமாக வந்துவிட்டன.

1981 டிசம்பர் 13, ராணுவச் சட்டம். தெருவில் டாங்கி, தொலைபேசி துண்டிப்பு, ஊரடங்கு. விநோதம் என்னவென்றால், அந்தக் காலத்திலேயே, 1982இல், பிரிகாடா கிரிசிஸின் ஆல்பத்தை டோன்பிரெஸ் என்ற அரசு நிறுவனமே வெளியிட்டது. அட்டை கறுப்பு, அதனால் ரசிகர்களுக்கு அது ‘கறுப்பு பிரிகாடா’. ஒரு கை இசைத்தட்டு போடுகிறது, இன்னொரு கை மேடையைப் பறிக்கிறது. குழு அந்த வருடமே கலைந்தது.

இவரை அரசியல் போராளியாக்கிப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. கம்யூனிஸ்ட் கட்சி ஒழிக என்று நேராகக் கத்தியவர் இல்லை. அந்த ஆல்பத்தின் ‘சென்ட்ராலா’ பாட்டை எடுங்கள், தலைமையகத்திலிருந்து சமிக்ஞை வரும் என்று எல்லோரும் காத்துக் கிடக்கிறார்கள், அவ்வளவுதான் விஷயம். எந்தத் தலைமையகம் என்று சொல்லவே இல்லை, ஆனால் 1982இல் அது யாருக்குப் புரியாமல் போயிருக்கும்? அரசுக்கும் வேண்டாம், அரசை எதிர்த்தவர்களுக்கும் கொடி பிடிக்க வேண்டாம், எங்கள் சத்தத்தை நாங்கள் போட்டுக்கொள்கிறோம் என்ற பிடிவாதம் அது.

சார், போலந்தின் யாரொச்சின் ஊரில் நடந்த ராக் விழாவெல்லாம் அரசே அனுமதித்த குக்கர் விசில்தானே? ஆவி வெளியேறட்டும் என்று விட்டார்கள்.

போலந்திலேயே ரொம்ப நாளாக ஓடும் சண்டை இது. அனுமதி இல்லாமல் அவ்வளவு பெரிய கூட்டம் அங்கே கூடியிருக்க முடியாது, உண்மைதான். ஆனால் விட்டவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது ஒன்று, அங்கே வந்த பதினேழு வயதுப் பையன் ஊருக்கு எதை எடுத்துக்கொண்டு போனான் என்பது வேறு. முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவது சோம்பேறித்தனம்.

பங்க்காரர் ஏன் ரெகேவுக்குப் போனார்? விலைபோய்விட்டாரா?

யாரிடம் விலைபோவது, அங்கே ஜமைக்கா இசையான ரெகேவுக்கு என்ன சந்தையா இருந்தது! லண்டனில் பங்க் பையன்களும் ரெகே கேட்டு வளர்ந்தவர்கள்தான், கிளாஷ் என்ற லண்டன் பங்க் குழுவைக் கேட்டாலே தெரியும். போலந்தில் இன்னொரு காரணமும் சேர்ந்தது: ராஸ்தாக்காரர்கள் (ரெகேவோடு பிணைந்த ஜமைக்கா மதத்தினர்) பாடும் ‘பாபிலோன்’, மனிதனை நசுக்கும் அமைப்பு, இவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றது. பாவெவ் ரொஸ்வதோவ்ஸ்கியோடு தொடங்கிய இஸ்ராயெலின் முதல் ஆல்பம் 1985இல் வந்தது. கரீபிய வெயிலெல்லாம் அதில் தேடாதீர்கள், குளிரில் நடுங்கும் ரெகே அது.

ஆர்மியாவில் ஏதோ கொம்பு வாசிப்பார்களாமே?

பிரெஞ்சு ஹார்ன். வாசித்தவர் கிஷிஷ்டோஃப் பனாசிக். சியெக்கியெரா குழுவிலிருந்து வந்த தோமாஷ் புஜின்ஸ்கியின் குரல், இவருடைய கிட்டார், நடுவில் அந்த ஹார்ன். 1991இல் வந்த ‘லெகெண்டா’ போலந்து ராக்கின் உச்சங்களில் ஒன்று என்பது என் கட்சி.

காசு பார்த்தாரா?

காசு பார்க்கிறவர் போகிற வழியே வேறு. இவர் வார்சாவை விட்டு மசூரி ஏரிப் பகுதியில் ஒரு கிராமத்துக்குப் போய், வீட்டிலேயே ‘ஸ்வோத்தா ஸ்காவா’ என்று ஒரு ஸ்டுடியோ வைத்துப் பதிவு செய்துகொண்டிருந்தார்.

எப்படி இறந்தார்?

2018 ஜனவரியில் வார்சாவில் கடுமையாகத் தாக்கப்பட்டார். மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்து, ஜூன் 3 அன்று, 57 வயதில் போய்விட்டார். இதில் பரபரப்புக் கதை தேடி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள், அதற்குள் நான் போகவில்லை.

எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

கறுப்பு பிரிகாடா. பிடித்தால் நேராக ‘லெகெண்டா’. இஸ்ராயெலுக்கு வரும்போது ‘1991’ ஆல்பத்தில் தொடங்குங்கள், லண்டன் அரிவா ஸ்டுடியோவில் பதிவானது, பேஸ் சத்தம் வயிற்றில் இடிக்கும், போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு வந்து சுமார் என்று சொல்லாதீர்கள். கிரிசிஸின் பழைய பதிவுகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒலித்தரம் மோசம், ஆனால் அதற்குள் உங்களுக்குப் பழகியிருக்கும்.