பூதக்கண்ணாடி கேட்கும் நாணயம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வணிகக் கப்பலில் பணிபுரியும் என் தாய்மாமா, துப்பறியும் நிபுணர் ஷெர்லாக் ஹோம்ஸின் உருவம் பொறித்த 50 பென்ஸ் நாணயம் ஒன்றை இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து தந்தார். அதைப் பல லட்சம் ரூபாய்க்கு வாங்கிக்கொள்வதாகவும், முதலில் பதிவுக் கட்டணம் செலுத்த வேண்டும் என்றும் அலைபேசியில் ஒருவர் கூறுகிறார். செலுத்தலாமா?
— வாசகி, ராயபுரம்

பதில்: ஒரு ரூபாய்கூடச் செலுத்தாதீர்கள். பழைய நாணயங்களை விற்றுத் தருவதாகக் கூறி, ரிசர்வ் வங்கியின் பெயரையே பயன்படுத்திக் கட்டணமும் வரியும் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது. வாங்குபவர் பணம் தர வேண்டுமே தவிர, விற்பவரிடம் பணம் கேட்கக் கூடாது.

உங்கள் நாணயம், ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில் பிறந்து 160 ஆண்டுகள் நிறைந்ததையொட்டி, பிரிட்டனின் அரசு நாணயச்சாலையான ராயல் மின்ட் 2019-இல் வெளியிட்டது. புழக்கத்துக்கென்று அச்சிடப்பட்டவை மட்டும் 86 லட்சத்துக்கும் அதிகம். லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்காக 2009-இல் வந்த 50 பென்ஸ் நாணயம் 2,10,000 மட்டுமே அச்சிடப்பட்டதால்தான் சேகரிப்பாளர்கள் அதைத் தேடி அலைகிறார்கள். ஹோம்ஸ் நாணயம் அவ்வளவு அரிதானதில்லை.

ஆனால் அதற்காக அதை ஏதோ ஓர் அலமாரியில் போட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, காலை வெயிலில் நாணயத்தைச் சற்றே சாய்த்துப் பாருங்கள். தொப்பியும் புகைக்குழாயுமாகத் தெரியும் ஹோம்ஸின் நிழலுருவைச் சுற்றி, வெறும் கோடுகள் போலத் தோன்றுபவை எல்லாம் உண்மையில் அவருடைய கதைகளின் தலைப்புகள்; எழுத்துக் கலைஞரான ஸ்டீபன் ரா, வெறுங்கண்ணால் எளிதில் படிக்க முடியாத அளவுக்கு அவற்றைச் சிறிதாக வடித்திருக்கிறார். கண்ணாடியின்றி எதையும் நம்பாத ஒரு மனிதரின் நினைவு நாணயத்தைக் கண்ணாடியின்றிப் படிக்க முடியாது என்பதைவிடப் பொருத்தமான வடிவமைப்பை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

கேள்வி: இத்தகைய நாணயங்கள் கறுத்துப் போனால், பித்தளைப் பாத்திரம் போலப் புளி போட்டுத் தேய்க்கலாமா?
— வாசகர், காசிமேடு

பதில்: கூடவே கூடாது. அந்த நாணயம் முக்கால் பங்கு செம்பும் கால் பங்கு நிக்கலும் கலந்தது. புளியும் விபூதியும் மேற்பரப்பை அரித்துக் கீறிவிடும். ஹோம்ஸ் நாணயத்தில் முதலில் அழிவது அந்த நுண்ணெழுத்துகளாகவே இருக்கும். கடற்காற்று வீசும் உங்கள் பகுதியில், ஓரத்தைப் பிடித்தே எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுக்கும் என்பதால் அவற்றைத் தவிர்க்கவும்.

கேள்வி: ஹோம்ஸுக்கு நாணயம் வந்தது சரி, ஹோம்ஸ் கதைகளில் நாணயம் வருகிறதா?
— வாசகர், தங்கசாலை

பதில்: கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயச்சாலையால் பெயர் பெற்ற தெருவிலிருந்து வந்த கேள்வி என்பதால் மகிழ்ச்சியோடு எழுதுகிறேன். ஒரு கதையில், தேம்ஸ் ஆற்றுச் சேற்றில் கண்டெடுக்கப்படும் கோட்டின் பைகளில் 421 பென்னிகளும் 270 அரைப் பென்னிகளும் திணிக்கப்பட்டிருக்கும். கோட்டு மிதந்து போகாமலிருக்கப் பிச்சையாகச் சேர்ந்த சில்லறையே பாரமாக்கப்பட்டிருக்கும். இன்னொன்றில், நீரழுத்த எந்திரம் வைத்துக் அரைக் கிரவுன் எனப்படும் பழைய பிரிட்டிஷ் நாணயங்களைக் கள்ளத்தனமாக ஆயிரக்கணக்கில் அடிக்கும் கூட்டம் வருகிறது. இறுதியில் அந்த வீட்டுக் கொட்டகையில் நிக்கலும் வெள்ளீயமும் குவிந்து கிடக்கும், நாணயம் ஒன்றுகூட இருக்காது.

எனக்கு மிகவும் பிடித்தது, வேறொரு கதையில் ஹோம்ஸ் மாறுவேடத்தில் ஐரீன் ஆட்லர் என்ற பெண்ணைப் பின்தொடர்ந்து போய், எதிர்பாராமல் அவளுடைய திருமணத்துக்கே சாட்சியாக நிற்கும் இடம். மணப்பெண் அவருக்கு ஒரு சாவரின் தங்க நாணயம் தருகிறாள். அதை நினைவாகத் தன் கடிகாரச் சங்கிலியில் அணியப் போவதாக அவர் தன் நண்பர் வாட்சனிடம் சொல்கிறார்.