ஒன்டாரியோ வேலை ஒப்பந்தத்தில் ‘போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது’ என்ற பிரிவு செல்லுமா?

உதாரணமாக, 2022 மார்ச்சில் நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், விலகியபின் ஓராண்டுக்குப் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்றிருக்கும் பிரிவு பெரும்பாலும் செல்லாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாண வேலைவாய்ப்புத் தரச் சட்டம் 2021 அக்டோபர் 25 முதல் அத்தகைய நிபந்தனைகளைத் தடை செய்திருக்கிறது. பழைய மாதிரிப் படிவத்தை அப்படியே நகலெடுத்ததால் அது தங்கியிருக்கலாம்.

முதலில் கையெழுத்துக்குக் கீழேயுள்ள தேதியைப் பாருங்கள். 2021 அக்டோபர் 25-க்கு முந்தைய ஒப்பந்தம் என்றால் தடை பொருந்தாது. நிபந்தனை நியாயமானதா என்பதையே நீதிமன்றம் ஆராயும். தலைமை நிதி அதிகாரி போன்ற உயர்பதவியினருக்கும், கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் இயங்கும் வங்கி, தொலைத்தொடர்பு ஊழியருக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை.

வாடிக்கையாளரை இழுக்கக்கூடாது, ரகசியம் காக்க வேண்டும் என்ற பிரிவுகள் வேறு. அவை இன்றும் உங்களைக் கட்டுப்படுத்தலாம். ஆகவே வாடிக்கையாளர் பட்டியலைத் தயவுசெய்து சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடாதீர்கள்.