மேல்மாடி அலுவலகம், ஏசி 24-ல் ஓடுகிறது. பாதிப் பேர் புழுக்கம் என்கிறார்கள், பாதிப் பேர் குளிர் என்கிறார்கள். யார் சொல்வது சரி என்று எப்படி அளந்து பார்ப்பது?

இரு தரப்பும் சொல்வது சரியாகவே இருக்கலாம். ரிமோட்டில் தெரியும் 24, ஏசி உள்ளிழுக்கும் காற்றுக்கு நீங்கள் வைத்த இலக்கு மட்டுமே. நாற்காலியில் இருப்பவரின் உடல் உணர்வது வேறு.

ஒருவருக்கு வெப்பம் இதமாக இருக்குமா என்று கணிக்க, டென்மார்க்கின் ஆய்வாளர் பி. ஓ. ஃபாங்கர் 1970-ல் வெளியிட்ட கணக்குதான் இன்றும் அடிப்படை. அதற்கு ஆறு விவரங்கள் வேண்டும்: காற்றின் வெப்பநிலை, சுவரும் கூரையும் கண்ணாடியும் வீசும் கதிர்வெப்பம், காற்றின் வேகம், ஈரப்பதம், செய்யும் வேலை, உடுத்தியிருக்கும் துணி. பெரும்பாலும் விட்டுப்போவது இரண்டாவது. மேல்மாடியில் அதுதான் முதல் சந்தேகம். காலையிலிருந்து வெயில் குடித்த கான்கிரீட் தளம் பிற்பகலில் தலைக்கு மேல் வெப்பத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். சாதாரண வெப்பமானி அதைக் காட்டாது.

கதிர்வெப்பத்தை அளக்க கறுப்பு உருண்டை வெப்பமானி வேண்டும்: 15 செ.மீ. விட்டம், மங்கலான கறுப்பு வண்ணம், நடுவில் உணரி. கிடைக்காவிட்டால் டேபிள் டென்னிஸ் பந்துக்குக் கறுப்பு அடித்து உள்ளே உணரியைப் பொருத்தலாம். கணக்கில் விட்டத்தை 4 செ.மீ. என்று மாற்ற மறக்காதீர்கள். பெரிய உருண்டை நிலைகொள்ள 20 நிமிடமாவது ஆகும். வைத்த உடனே படித்துவிட்டுக் கிளம்புவதுதான் இதில் அதிகம் நடக்கும் பிழை. உருண்டை காட்டும் அளவும் நேரடியாகக் கதிர்வெப்பம் ஆகாது. காற்றின் வேகத்தையும் சேர்த்து, ஐஎஸ்ஓ 7726 என்ற சர்வதேசத் தரத்தில் உள்ள சூத்திரத்தால் மாற்ற வேண்டும். காற்று 25 டிகிரி, உருண்டை 27, வேகம் நொடிக்கு 0.15 மீட்டர் என்றால் சராசரிக் கதிர்வெப்பநிலை 28.5 வரும். உடல் உணர்வது ஏறத்தாழ காற்றின் வெப்பநிலைக்கும் கதிர்வெப்பநிலைக்கும் நடுவில், 27-ஐ ஒட்டி.

காற்றின் வேகத்துக்குச் சூடான கம்பி வகை மானியே வேண்டும். கையடக்கக் காற்றாடி மானிகள் பல நொடிக்கு 0.3 மீட்டருக்குக் கீழே சுழலவே சுழலாது. உள்ளறைக் காற்று பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கும். உட்கார்ந்திருப்பவருக்குத் தரையிலிருந்து 0.1, 0.6, 1.1 மீட்டர் உயரங்களில் அளவிடுங்கள். கணுக்காலுக்கும் தலைக்கும் 3 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், சராசரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் புகார் வரும். அளக்க வேண்டிய இடம் அறையின் நடு அல்ல. ஆட்கள் இருக்கும் இருக்கைகள். குறிப்பாக ஏசி காற்று நேரே விழும் இருக்கை, மேற்கு ஜன்னலோர இருக்கை, மூலை இருக்கை. காலை 10, பிற்பகல் 3 என இரு வேளையும் எடுங்கள்.

மீதி இரண்டு விவரங்கள் வேலையும் துணியும். கணினி வேலைக்கு 1.1 மெட் (உடல் வெளியிடும் வெப்பத்தின் அலகு), மெல்லிய சட்டை பேண்டுக்கு 0.5 குளோ (துணி வெப்பத்தைத் தடுக்கும் அளவின் அலகு) போடலாம். அலுவலக நாற்காலியின் முதுகும் இருக்கையும் சுமார் 0.1 சேர்க்கும். சேலை, சுடிதாருக்கு ஒரே எண்ணை எல்லாருக்கும் போடாதீர்கள். துணியும் உடுத்தும் விதமும் மதிப்பை நன்றாகவே மாற்றும். இவற்றைப் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் இலவச சிபிஇ இணையக் கருவியில் கொடுத்தால் பிஎம்வி மதிப்பு வரும். ஃபாங்கர் கணக்கின் விடை அதுதான்: சுழியம் என்றால் இதம், கூட்டல் வெப்பம், கழித்தல் குளிர். −0.5 முதல் +0.5 வரை இருந்தால் 10 விழுக்காட்டினர் வரை அதிருப்தியாக இருப்பார்கள் என்று பொருள். சரியாகச் சுழியம் வந்தாலும் 5 விழுக்காடு மீதி இருக்கும், ஆகவே எல்லாரையும் திருப்திப்படுத்துவதை இலக்காக வைக்காதீர்கள்.

கருவியோடு நிறுத்தினால் பாதி வேலைதான். அதே இருக்கையில், அதே நேரத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: இப்போது எப்படி இருக்கிறது (மிகுந்த வெப்பம் முதல் கடுங்குளிர் வரை ஏழு படி), எப்படி இருந்தால் நல்லது (இன்னும் குளிராக, இப்படியே, இன்னும் வெதுவெதுப்பாக). இரண்டாவது மிக முக்கியம். "லேசான குளிர்" என்று சொல்பவரே "இப்படியே இருக்கட்டும்" என்பார். வெளியிலிருந்து வந்தவரை அரை மணி நேரம் உட்காரவிட்டுப் பிறகு கேளுங்கள். வெப்ப இதத்துக்கான அமெரிக்கத் தரமான ஆஷ்ரே 55-ன்படி 20 பேருக்குக் குறைவான இடத்தில் 80 விழுக்காட்டினர் பதிலளிக்க வேண்டும். கணக்கும் பதிலும் முரண்பட்டால் நான் பதிலைத்தான் நம்புவேன். கருவி காரணத்தைக் கண்டுபிடிக்க.

ஏசி இல்லாமல் ஜன்னலும் மின்விசிறியும் மட்டும் உள்ள வகுப்பறைக்கு பிஎம்வி வேண்டாம், அது புழுக்கத்தை மிகைப்படுத்தும். 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பில் உள்ள இந்தியத் தகவமைவு முறையை (வெளி வெப்பத்துக்கு மக்கள் பழகுவதைக் கணக்கில் எடுக்கும் முறை) பயன்படுத்துங்கள்: கடந்த 30 நாள் வெளி வெப்பச் சராசரியை 0.54-ஆல் பெருக்கி 12.83 கூட்டினால் இதமான உள்வெப்பநிலை. சராசரி 30 என்றால் 29 டிகிரி. 90 விழுக்காட்டினர் ஏற்க, ஏறக்குறைய 2.4 டிகிரி மேலும் கீழும் போகலாம்.

உங்கள் அறையில் கூரையோரம் கதிர்வெப்பமும் ஏசிக்கு நேரே உள்ள இருக்கையில் காற்றுவேகமும் கூடுதலாக வந்தால், 24-ஐ 22 ஆக்காதீர்கள். குளிர்பவர் மேலும் நடுங்குவார், கூரையடியில் இருப்பவருக்குப் பெரிதாக மாறாது. மொட்டைமாடிக்கு வெள்ளை ஓடோ வெயிலைத் திருப்பும் வண்ணமோ, மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கத் தடுப்பு, காற்று விழும் இடத்தில் திசைதிருப்பும் தகடு என்று தொடங்கி, அதன்பிறகு ஏசியை 26-க்கு ஏற்றி மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டு, அதே இருக்கைகளில் அதே பிற்பகல் வேளையில், ஒத்த வெயிலுள்ள நாளில் மறுபடி அளவிடுங்கள்.