வேனுக்கு 5 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் வேண்டாம்ங்க

வணக்கம்ங்க. டெம்போ டிராவலரை வீட்டு வண்டியாக மாற்றி, ஏற்காட்டிலும் வால்பாறையிலும் கரண்ட் இல்லாத எஸ்டேட் இடத்தில் மூன்று நாள் தங்கப் போவதாகவும், ஒரு டன் ஏசிக்கு 5 கேவிஏ (ஜெனரேட்டர் தரும் சக்தியின் அளவு) டீசல் ஜெனரேட்டர் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம்ங்க. நூறு கிலோவுக்கு மேல் எடை, இறக்கி ஏற்றுவதற்குள் இடுப்பு போய்விடும். சத்தமும் அதிகம்.

முதலில் ஏசி எந்த வகை என்று பாருங்கள். இன்வெர்ட்டர் ஏசி மெதுவாகக் கிளம்பும், 1,000 முதல் 1,200 வாட்டில் ஓடும். சாதாரண ஏசியோ கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும். 2 கேவிஏ ஜெனரேட்டர் அங்கேயே படுத்துவிடும். அப்புறம் உயரம். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஜெனரேட்டரின் சக்தி சுமார் 3.5 சதவீதம் குறையும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். அங்கே 2,000 வாட் மெஷின் 1,650 வாட்தான் தரும்.

அதனால் 3 கேவிஏ பெட்ரோல் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் எடுங்கள். ஆனால் மலை இரவுக்கு ஏசி எதற்குங்க? ஃபேன், விளக்கு, சின்ன ஃப்ரிட்ஜ் என்றால் 200 ஆம்பியர்-அவர் (Ah) லித்தியம் பேட்டரியும் கூரையில் சோலாரும் போதும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஜெனரேட்டரை வண்டியிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகை எதிர்ப்பக்கம் போகும்படி வையுங்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு வாசனையே கிடையாது. உள்ளே அதற்கான அலாரம் மாட்டுங்கள். தூங்கும்போது ஓட்டவே வேண்டாம், குழந்தைகள் வேறு கூட வருகிறார்கள் என்கிறீர்கள்.

ஏசி மாடலைப் போடுங்கள், கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.