முதல் ஒன்பதாம் வகுப்பு

வாசகர் கடிதம்

வணக்கம் ஐயா. எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி இந்தக் கல்வியாண்டில் அரசு உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்ந்திருக்கிறது. பட்டதாரி ஆசிரியராக இருந்த நான் பதவி உயர்வில் தலைமையாசிரியராக வந்து சேர்ந்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் 40 பிள்ளைகள். அடுத்த ஆண்டு முதல் பத்தாம் வகுப்பு. கணிதப் பணியிடம் இன்னும் நிரம்பவில்லை.

பள்ளியின் நோக்கத்தை இரண்டு வரியில் எழுதிக் கொடுத்தால் நுழைவாயிலில் பலகை வைத்துவிடலாம் என்கிறார்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில். "100 சதவீதத் தேர்ச்சி, ஒழுக்கம், ஆங்கிலவழிக் கல்வி" என்று போட்டால்தான் பிள்ளைகள் டவுன் பள்ளிக்குப் போகமாட்டார்கள் என்பது ஊராட்சித் தலைவரின் கருத்து. ஆசிரியர், மாணவர், பெற்றோர் என ஒவ்வொருவரிடமும் பள்ளி என்ன எதிர்பார்க்கிறது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்

அன்புள்ள தலைமையாசிரியருக்கு,

பலகைக்கு அவசரமில்லை. எப்போது எழுதினாலும் 100 சதவீதத் தேர்ச்சி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த வாக்கைக் காப்பாற்றச் சுலபமான வழி எது என்று நீங்கள் சொல்லாமலே எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும். எட்டாம் வகுப்பு வரை ஒரு பிள்ளையை நிறுத்திவைக்கத் தமிழ்நாட்டில் வழியில்லை. கை வைக்க முடிகிற முதல் வகுப்பு ஒன்பதுதான். முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பெற்றோரைக் கூப்பிட்டு, "இவனுக்குப் பத்தாவது ஏறாது, டி.சி. வாங்கிக்குங்க, பிரைவேட்டா எழுதிக்கலாம்" என்பார்கள். பதிவேட்டில் 'பெற்றோர் விருப்பத்தின் பேரில்' என்று இருக்கும். அந்தப் பிள்ளை பிறகு தேர்வு எழுதியதா என்று யாரும் பார்ப்பதில்லை.

உங்கள் 40 பேரையே எடுத்துக்கொள்ளுங்கள். 6 பேரை இப்படி வெளியே அனுப்பிவிட்டு 34 பேர் எழுதி 34 பேரும் தேறினால் நூறு சதவீதம், கல்வி அதிகாரிகளின் ரிவ்யூ மீட்டிங்கில் சால்வை. 40 பேரும் எழுதி 37 பேர் தேறினால் 92.5 சதவீதம், ஏன் குறைந்தது என்று விளக்கம் கேட்பார்கள். தேறிய பிள்ளைகளோ இரண்டாவதில்தான் மூன்று பேர் அதிகம். விழுந்த மூவரும் அதே ஆண்டுத் துணைத் தேர்வில் எழுதலாம்.

ஆகவே நான் சொல்லும் இரண்டு வரி இது: "இங்கே ஒன்பதாம் வகுப்பில் சேரும் ஒவ்வொருவரும் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதுவார். எழுதிய ஒவ்வொருவரும் அடுத்த கல்வியாண்டில் எங்காவது படித்துக்கொண்டிருப்பார்." மேல்நிலைப் பள்ளியோ, ஐ.டி.ஐ.யோ, பாலிடெக்னிக்கோ, எதுவானாலும் சரி. பலகையின் கீழ்ப்பாதியைக் கரும்பலகையாக விட்டு ஆண்டுதோறும் நான்கு எண்களை எழுதுங்கள்: ஒன்பதில் சேர்ந்தவர், பத்து எழுதியவர், தேறியவர், மேலே படிப்பவர். இந்த நான்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றைத் தூக்கிக் காட்ட இன்னொன்றைக் குறைக்க முடியாது. ரிவ்யூவுக்கும் இதே தாளோடு போங்கள். சதவீதத்தை மட்டும்தான் கேட்பார்கள். நீங்கள் நான்கையும் சொல்லுங்கள்.

இந்த இரண்டு வரியை எழுதுவது எளிது; அது உங்கள் தலையில் கட்டும் வேலைதான் பெரிது. முதல் வேலை, அந்த 40 பேருக்கு என்ன தெரியும் என்று பார்ப்பது. எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணை நம்ப வேண்டாம். ஒன்பதாம் வகுப்பு ஆசிரியரும் இன்னொருவரும் வராந்தாவில் ஆளுக்கொரு மூலையில் நாற்காலி போட்டு உட்காரட்டும். பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள். ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் நூறு சொல் அளவுக்கு ஒரு பத்தி, மூன்றாம் வகுப்பு ஆங்கிலத்தில் நான்கைந்து வரி, கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு ஒன்று, மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கும் கணக்கு ஒன்று. ஆளுக்கு நான்கைந்து நிமிடம். இரண்டு பேர் பார்த்தால் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். சரளமாக வாசிக்கிறார், எழுத்துக் கூட்டுகிறார், வாசிக்கவில்லை என்று மூன்றே குறி போதும். மற்றவர் முன்னால் வாசிக்க வைக்காதீர்கள். எழுத்துக் கூட்டும் பிள்ளை வகுப்பில் மனப்பாடத்தை ஒப்பித்துத் தப்பித்துக்கொள்ளும், இல்லையென்றால் வாயே திறக்காது. இரண்டிலும் உங்களுக்கு உண்மை தெரியாது.

கழிப்பதும் வகுப்பதும் ஒன்பதாம் வகுப்புக்கு எதற்கு என்று யாராவது கேட்டால், பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளைக் காட்டுங்கள். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. செய்முறை வடிவியல் 8, வரைபடம் 8. இந்த முப்பதைப் பிடித்துவிட்டால் தேர்ச்சிக்கான 35க்கு இன்னும் ஐந்துதான் வேண்டும். எல்லாப் பள்ளியிலும் மெல்லக் கற்போருக்கு ஜனவரியில் 'மினிமம் மெட்டீரியல்' என்று கொடுப்பது இதைத்தான். ஆனால் வரைபடத்துக்கு முதலில் அட்டவணை போட வேண்டும். x² − 4x + 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். x = −1 என்றால் விடை 8. மைனஸ் எண்களைப் பெருக்கத் தெரியாத பிள்ளை x²க்கு −1, −4xக்கு −4 என்று போட்டு −2 என்று எழுதும். வலப்பக்கம் மேலே ஏறும் வளைவு இடப்பக்கம் கீழே சரியும். படம் தப்பாக வந்ததே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, புள்ளிகளைக் கையால் இணைத்துவிட்டுப் போய்விடும். எட்டு மதிப்பெண்ணில் பெரும்பகுதி போச்சு. இது பத்தாம் வகுப்பில் திருத்துகிற கோளாறு அல்ல. ஒன்பதாம் வகுப்பு முதல் பருவத்தில், தினம் ஒரு பாடவேளை ஒதுக்கினால் சரியாகும்.

அந்தப் பாடவேளையை விளையாட்டிலிருந்து எடுக்காதீர்கள், அதுதான் வழக்கமாக முதலில் பறிபோவது. தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஐந்திலிருந்தும் வாரத்துக்கு ஒன்று எடுத்தால் வாரம் ஐந்து கிடைக்கும், யாருக்கும் வலிக்காது. அந்த நேரத்தில் எல்லா ஆசிரியரும் ஆளுக்கு ஏழெட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொள்ளட்டும். சரளமாக வாசிக்கிறவர்களுக்கும் அதே நேரத்தில் வேறு வேலை கொடுங்கள். 'ஸ்லோ லேனர்ஸ் எல்லாம் எழுந்து வெளியே வாங்க' என்ற குரல் மட்டும் உங்கள் பள்ளியில் கேட்கக் கூடாது. அரசு 2025இல் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் கொண்டுவந்த 'திறன்' திட்டமும் இந்த இடைவெளியை நிரப்பத்தான். அதன் பயிற்சிப் புத்தகம் இருந்தால் அதையே வைத்து நடத்தலாம், தனியாக எதுவும் அச்சடிக்க வேண்டாம்.

ஊராட்சித் தலைவர் கேட்கும் ஆங்கிலவழி பற்றி. மறுப்பதற்குக் கொள்கை விளக்கம் தேவையில்லை, கால அட்டவணை போதும். ஆறு முதல் பத்து வரை ஐந்து வகுப்பு. கணிதத்துக்கு வாரம் ஏழு பாடவேளை என்றால் ஒரே கணித ஆசிரியருக்கு 35 ஆகிறது. வாரத்தில் மொத்தமே 40தான். ஆங்கிலவழிப் பிரிவு தொடங்கினால் அது 70. ஆள் கூடாமல் பிரிவு மட்டும் கூடினால் நடப்பது என்ன தெரியுமா? இரண்டு பிரிவையும் ஒரே அறையில் உட்கார வைத்து, தமிழில் நடத்தி, ஆங்கிலத்தில் விடையை எழுதிப் போடுவார்கள். இரண்டு பக்கத்துக்கும் அரைப் பாடம். பணியிடங்கள் நிரம்பிய பிறகு பேசலாம் என்று அட்டவணையையே அவர் முன்னால் விரித்துவையுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.

பிள்ளைகள் டவுன் பள்ளிக்குப் போவது ஆங்கிலவழிக்காக மட்டுமல்ல. இங்கே பத்தோடு முடிந்துவிடும், அங்கே பன்னிரண்டு வரை ஒரே இடம். இது நியாயமான கவலை, மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும், கல்லூரியில் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் (புதுமைப்பெண்ணுக்கு மட்டும் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி என்றாலும் சரி). உங்களிடம் பத்து முடித்து அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போனால் எதுவும் அறுபடாது. மதிய உணவும் பத்தாம் வகுப்பு வரை உண்டு. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழி உதவித்தொகைத் தேர்வு எழுதித் தேர்வானால் நான்கு ஆண்டுக்கு ஆண்டுதோறும் 12,000 ரூபாய். ஏழாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளைத் தயார் செய்யுங்கள். வங்கிக் கணக்கில் பணம் ஏறுவதைப் பார்த்த ஊரில் பள்ளிக்குத் தனியாக விளம்பரம் வேண்டாம்.

கணித ஆசிரியர் இல்லை என்பதை மறைக்கவே மறைக்காதீர்கள். யார் எந்தப் பாடம் எடுக்கிறார், எந்த இடம் காலி, அதுவரை யார் பார்க்கிறார் என்று முதல் பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். வேறு பள்ளியிலிருந்து மாற்றுப்பணியில் ஒருவரைக் கேட்டு வாங்குவது முதல் வழி. மேலாண்மைக் குழு மூலம் தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர் அடுத்த வழி. தற்காலிகமாக வருகிறவர் வேறு வேலை கிடைத்ததும் ஆண்டு நடுவில் போய்விடலாம், எதிர்பார்த்தே வகுப்பு ஒதுக்குங்கள். அவரை ஆறு, ஏழுக்குப் போட்டுவிட்டு, அங்கே கணக்கு எடுக்கும் பழைய ஆசிரியரை ஒன்பதுக்கு நகர்த்துவது நல்லது.

அந்தக் கூட்டத்தை வேலைநாளில் காலை பத்து மணிக்கு வைத்தால் கூலி வேலைக்குப் போகும் வீட்டிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள். 'பெற்றோருக்கு அக்கறையில்லை' என்று பிறகு ஆசிரியர் அறையில் பேச்சு வரும். மாலை ஆறு மணிக்கு, குடியிருப்பு வாரியாக, நீங்களே போய் நடத்துங்கள். ஊர்த் தெருவிலும் காலனியிலும் தனித்தனியாக நடத்துவதானால் முதல் கூட்டம் காலனியில் இருக்கட்டும். வரிசை எப்படி இருக்கிறது என்று ஊரே பார்க்கும். மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. கையெழுத்துக்கு மட்டும் நோட்டு போகாமல் அவர்களையே பேசவிடுங்கள். பெற்றோரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டே: பிள்ளை வரவில்லை என்றால் காரணத்தைப் போனில் சொல்ல வேண்டும். டி.சி. கேட்பதற்கு முன் ஒருமுறை உங்களிடம் உட்கார்ந்து பேச வேண்டும். வீட்டுப்பாடத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள் என்று கேட்காதீர்கள், பல வீடுகளில் அது நடக்காத காரியம்.

பதிலுக்குப் பள்ளி செய்ய வேண்டியது: ஒரு பிள்ளை வராத முதல் நாளே வகுப்பாசிரியர் போன் செய்ய வேண்டும். மூன்றாம் நாளும் வரவில்லை என்றால் யாராவது வீட்டுக்குப் போக வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் பையன்கள் சொல்லாமல் நிற்பது கேட்டரிங், சென்ட்ரிங், பந்தல் வேலைக்கு; முகூர்த்த மாதங்களின் வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும். பெண் பிள்ளை நீண்ட விடுமுறைக்குப் பிறகு வராவிட்டால் மூன்று நாள் காத்திருக்காதீர்கள். வீட்டில் கல்யாணப் பேச்சு என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குச் சொல்வது உங்கள் கடமை. யார் சொன்னார்கள் என்று ஊரில் கேட்பார்கள். ஆசிரியைகள் மேல் பழி விழாமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மாணவர்களுக்கான விதிகள் ஐந்துக்கு மேல் வேண்டாம். முடிவெட்டு விஷயத்தில் தினம் பிரேயரில் அரைமணி நேரம் கரைக்கிற பள்ளிகள் உண்டு. அந்த நேரத்தில் ஒரு பாடம் நடத்திவிடலாம். தாமதமாக வருகிறவரை கேட்டுக்கு வெளியே நிறுத்தாமல் வகுப்புக்குள் அனுப்பிவிட்டு, காரணத்தை இடைவேளையில் கேளுங்கள். பெரும்பாலும் பஸ்தான் காரணமாக இருக்கும். கையில் சாதிக்கயிறு கூடாது என்பதை முதல் நாளே சொல்லுங்கள். 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சாதி வெறியில் வெட்டப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கையிலும் அது இருக்கிறது, அகர வரிசையில் உட்கார வைப்பதும் இருக்கிறது. விதி ஆசிரியர் கைகளுக்கும் பொருந்தும். பிரம்புக்கு இடமில்லை என்பதை ஆசிரியர் கூட்டத்தில் நீங்கள் தனியாக விவாதிக்க வேண்டியதில்லை, கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவை வாசித்தால் போதும்.

கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்று: ஒன்று முதல் ஐந்து வரை தனித் தொடக்கப் பள்ளியாகப் பிரிந்திருக்கும், ஒரே வளாகம், இரண்டு தலைமையாசிரியர்கள். எந்த அறை யாருக்கு, மோட்டார் மின்கட்டணம் யார் கட்டுவது, கழிப்பறை சுத்தம் யார் பொறுப்பு என்று இப்போதே எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். நட்பாக இருக்கும்போது எழுதுவதுதான் நல்லது.

அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு. அடுத்த ஆண்டு ஆய்வகம் வந்துவிடும் என்று காத்திராமல், இந்த ஆண்டே ஒரு அலமாரிக்குள் அடங்கும் சாமான்களை வாங்கி ஒன்பதாம் வகுப்பிலேயே கையில் எடுக்கப் பழக்குங்கள். பொதுத்தேர்வு எழுதுவோரின் பெயர்ப் பட்டியலான நாமினல் ரோலுக்கும் இப்போதே தொடங்க வேண்டும். பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள். கல்வித்துறையின் இணையப் பதிவேடான எமிஸில் உள்ள எழுத்துப்பிழை அப்படியே பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்குப் போய்விடும், பிறகு அதைத் திருத்த அந்தப் பிள்ளை அலையாய் அலைய வேண்டும். உங்கள் பள்ளிக்கு இது முதல் தடவை, அலுவலகத்தில் செய்து பழகியவர் யாரும் இருக்கமாட்டார்கள். பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் இந்த வேலையைச் செய்கிற ஆசிரியரை ஒரு நாள் வரச்சொல்லி, 40 பேர் பட்டியலையும் காலாண்டு விடுமுறைக்குள் முடித்துவிடுங்கள்.