டால்ஃபினின் பிறந்த வீட்டுப் பெயர்

கேள்வி: அல்சூரில் எங்கள் தாத்தா வீட்டு ஷெட்டில், 1984-ல் பதிவான சிபானி டால்ஃபின் கார் ஒன்று பன்னிரண்டு வருஷமாக ஓடாமல் நிற்கிறது. தாத்தா காலமாகிவிட்டார். மெக்கானிக், "பிளாஸ்டிக் வண்டி, ஸ்பேர் கிடைக்காது, காயலான் கடைக்குப் போடுங்க" என்கிறார். அண்ணனோ விண்டேஜ் கார் என்று பதிந்து வைத்தால் நல்ல விலை போகும் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேருமே பாதிதான் சரி.

உங்கள் வண்டி பெங்களூரிலேயே தயாரானது. பாதல் என்ற மூன்று சக்கர ஃபைபர் காரைச் செய்த அதே சிபானி கம்பெனியின் வண்டி. ஆனால் அதன் பிறந்த வீடு இங்கிலாந்தின் டாம்வொர்த். அங்கே ரிலையன்ட் என்ற கம்பெனி மூன்று சக்கரக் கார்கள் செய்து பிழைத்தது. மூன்று சக்கரமென்றால் அந்த ஊரில் வரி குறைவு, பைக் லைசென்ஸே போதும். அவர்களுடைய ராபின் காருக்கு நாலாவது சக்கரம் வைத்ததுபோல 1975-ல் வந்தது கிட்டன். பூனைக்குட்டி என்று பொருள். அதுதான் இங்கே 1980-களின் தொடக்கத்தில் டால்ஃபின் ஆனது. கரையேறிய பூனை கடலில் இறங்கிய கதை! 1983 டிசம்பரில் நாலு கதவோடு மாருதி 800 வந்ததும், இரண்டு கதவு டால்ஃபினைத் தேடுவோர் குறைந்துபோனார்கள்.

இந்தப் பூர்வீகம் உங்களுக்கு எதற்கு? ஸ்பேருக்குத்தான். ஜே.சி. ரோட்டில் போய் "டால்ஃபின் பார்ட்ஸ்" என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். "ரிலையன்ட் 850" என்று இணையத்தில் தேடுங்கள். அதே 848 சிசி எஞ்சின்தான் ராபினிலும் ஓடியது. பிரிட்டனில் இன்றும் அதைப் பூஜித்து ஓட்டுபவர்கள் இருப்பதால் கேஸ்கெட், பிஸ்டன் ரிங் போன்றவை விற்பனைக்கு வருகின்றன. கண்ணாடியும் விளக்குகளும்தான் பாடு. உடையாமல் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

எஞ்சின் பிளாக் அலுமினியம், உள்ளே லைனர்களை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் குழாய்களை, சுற்றித் தண்ணீர் நேராகவே ஓடும். அதனால் ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருந்தால் உப்புப் படிந்து, அலுமினியமும் அரித்திருக்கும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். வெள்ளை மாவு போலப் படிந்திருந்தால் எஞ்சினைப் பிரிக்கும் செலவு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபைபர் பாடி துருப்பிடிக்காது. அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் அடியில் இருக்கும் சேஸிஸ் இரும்பு. உள்ளே விரித்திருக்கும் கார்ப்பெட்டை எடுத்துவிட்டு, வண்டிக்கு அடியிலும் படுத்து, சேஸிஸை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் வெல்டிங் வேலைதான். இன்னொன்று, ஃபைபரில் கரண்ட் பாயாது என்பதால் ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர் ஓடும். இரும்பு வண்டிகளிலேயே பழகிய எலக்ட்ரீஷியன் இதை மறந்துவிட்டு நாள் முழுக்கக் குறை தேடுவார்.

இப்போது அண்ணன் விஷயம். 2021-ல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத வண்டிக்குத்தான் விண்டேஜ் பதிவு, நம்பரில் 'விஏ' எழுத்து எல்லாம். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். உங்கள் டால்ஃபினுக்கு அந்த வயது 2034-ல்தான் வரும். அதுவரை சாதாரண வண்டிதான். முதலில் வாரிசுப் பெயருக்கு மாற்ற படிவம் 31, அப்புறம் ஆர்சி புதுப்பிக்க படிவம் 25, எஃப்சி சோதனை. வரி பாக்கி இருந்தால் ஆர்டிஓ-வில் அதையும் கேட்பார்கள். பழைய ஆர்சி புத்தகத்தைத் தாத்தாவின் பெட்டியில் தேடி எடுங்கள். அது இல்லாத வண்டிக்கு விலையே கிடையாது.

ஷெட்டில் பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பும் ஆசை வரும். வேண்டாம். நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, இரண்டு நாள் ஊறவிட்டு, ஸ்பேனரால் கையாலேயே எஞ்சினைச் சுற்றிப் பாருங்கள். டாங்கில் இருக்கும் பழைய பெட்ரோலையும் வடித்துவிடுங்கள். சுற்றினால் மேற்கொண்டு பேசலாம்.