ரஃபாயெல் லொசானோ-ஹெம்மரின் ஒலியும் ஒளியும்: கேள்வி பதில்

மெக்சிகோவின் ஒலிக் கலைஞரும் நிறுவல் கலைஞருமான (ஓர் இடத்தையே படைப்பாக அமைப்பவர்) ரஃபாயெல் லொசானோ-ஹெம்மரைப் பற்றி நம் மன்ற உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு விடையளித்திருக்கிறேன். படைப்புகளின் விற்பனை விலை பற்றி வந்தவற்றை விட்டுவிட்டேன். அது என் துறையன்று.

கேள்வி: இவர் இசைக் கலைஞரா, பொறியாளரா?

1967-இல் மெக்சிகோ நகரில் பிறந்தவர். பெற்றோர் அந்நகரில் இரவு விடுதி நடத்தியவர்கள். கனடாவில் மான்ட்ரியால் நகரின் கான்கார்டியா பல்கலைக்கழகத்தில் இயற்பிய வேதியியல் படித்து 1989-இல் பட்டம் பெற்றவர். அவருடைய பட்டறையும் மான்ட்ரியாலில்தான் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டு வெனிஸ் கலை விழாவில் மெக்சிகோ முதன்முதலாகத் தன் அதிகாரப்பூர்வ அரங்கை அமைத்தபோது அதில் இடம்பெற்றவை இவருடைய படைப்புகளே. எந்தப் பெயரால் வேண்டுமானாலும் அழைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, 'பல்ஸ் ரூம்' படைப்பில் பல்புகள் மினுங்குகின்றன, அவ்வளவுதானே? அதை ஏன் ஒலியோடு சேர்த்துப் பேசுகிறார்கள்?

அது பிறந்ததே ஒலியிலிருந்துதான். தம் மனைவி இரட்டைக் குழந்தைகளைச் சுமந்திருந்தபோது, இரு ஸ்கேன் கருவிகளைக் கொண்டு இரு சிசுக்களின் இதயத் துடிப்பையும் ஒரே நேரத்தில் கேட்டதாகவும், வேறு வேறு வேகத்தில் ஓடிய அத்துடிப்புகள் சேர்ந்தும் விலகியும் உண்டாக்கிய தாளமே இந்த எண்ணத்தைத் தந்ததாகவும் அவர் சொல்லியிருக்கிறார். 2006-இல் பூவெப்லா நகரத்தின் லா கான்ஸ்டான்சியா என்னும் பழைய நெசவாலையில் அது முதலில் காட்டப்பட்டது. கூரையிலிருந்து 300 வாட் குண்டு பல்புகள் தொங்கும். இடத்தைப் பொறுத்து அவற்றின் எண்ணிக்கை 100 முதல் 300 வரை. அறையின் ஒரு முனையில் உள்ள இரு கைப்பிடிகளை ஒருவர் பற்றியதும், உணரி அவருடைய நாடியைக் கண்டறிய, மிக அருகில் உள்ள பல்பு அந்த வேகத்திலேயே துடிக்கத் தொடங்கும். கையை எடுத்ததும் எல்லா பல்புகளும் ஒரு கணம் அணைந்து, அவருடைய துடிப்பு அடுத்த பல்புக்கு நகர்ந்து, வரிசையில் ஏற்கெனவே உள்ளவை ஒவ்வோர் இடம் பின்னால் தள்ளப்படும். கடைசி பல்பில் இருந்தவர் அத்துடன் வெளியேறிவிடுவார். குண்டு பல்பின் இழை சூடேறவும் ஆறவும் சற்று நேரம் கொள்வதால் ஒளி மெல்ல எழுந்து மெல்லத் தணிகிறது, எல்.இ.டி. விளக்கின் வெட்டிவிட்டாற்போன்ற துடிப்பில் இந்த மூச்சு கிடைக்காது.

இதே வரிசை முறையைக் குரலுக்குப் பயன்படுத்திய படைப்பு 2011-ஆம் ஆண்டின் 'வாய்ஸ் அரே'. நீங்கள் பேசிய சொற்றொடர் முதல் விளக்கில் பதிந்துவிட, பழைய 288 பதிவுகளின் இரைச்சல் ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும். பிறகு, உங்களால் வரிசையிலிருந்து வெளியே தள்ளப்பட்ட அந்தப் பழைய குரல் மட்டும் தனியாகக் கேட்கும். அவருடைய படைப்புகளில் நான் முதலிடம் தருவது இந்தத் தனிக்குரலுக்குத்தான்.

கேள்வி: இணையத்தில் காணொளியைப் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்டு ஒலிக் கலையை மதிப்பிடாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை.

கேள்வி: எந்த மென்பொருள்? ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை போதுமா?

மன்றத்தின் மின்னணுவியல் பகுதியில் கேளுங்கள்.

கேள்வி: 'வோஸ் அல்தா' பற்றி விரிவாகச் சொல்ல முடியுமா?

1968 அக்டோபர் 2 அன்று, ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கப் பத்து நாள் இருக்கையில், மெக்சிகோ நகரின் த்லாதெலோல்கோ சதுக்கத்தில் கூடியிருந்த மாணவர்களும் பொதுமக்களும் சுடப்பட்டனர். இறந்தவர்களின் எண்ணிக்கை இன்றுவரை சர்ச்சையில் இருக்கிறது. அதன் நாற்பதாம் ஆண்டான 2008-இல், அதே சதுக்கத்தில் லொசானோ-ஹெம்மர் ஒரு மெகாஃபோனை வைத்தார். அதுதான் 'வோஸ் அல்தா'. யார் வேண்டுமானாலும் வந்து எதை வேண்டுமானாலும் பேசலாம். தணிக்கையும் இல்லை, நெறியாளரும் இல்லை. பேசுபவரின் குரல் உயர்ந்தால் 10 கிலோவாட் தேடுவிளக்கு பிரகாசமாகும். அவர் மௌனமானால் அணைந்துவிடும். அந்த ஒளிக்கற்றை, முன்பு வெளியுறவு அமைச்சகம் இருந்து இப்போது மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகத்தின் பண்பாட்டு மையமாக விளங்கும் கட்டடத்தின் உச்சியைத் தொட, அங்கிருந்த மேலும் மூன்று விளக்குகள் அதே துடிப்பை நகரெங்கும் பரப்பின. குரலைக் கேட்க விரும்பியவர்கள் பல்கலைக்கழக வானொலியை 96.1 அலைவரிசையில் வைத்துக்கொண்டார்கள். யாரும் பேசாத வேளைகளில் உயிர் பிழைத்தோரின் வாக்குமூலங்கள் உள்ளிட்ட பழைய பதிவுகள் ஒலித்தன. பேச வந்தவர்கள் எல்லாரும் படுகொலையைப் பற்றியே பேசினார்கள் என்றில்லை. அதையும் அவர் தடுக்கவில்லை. அஞ்சலிக் கூட்டமாக மட்டும் நின்றிருந்தால் அதைப் பற்றி நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

கேள்வி: வானத்தில் தேடுவிளக்கு அடிப்பது ஹிட்லரின் கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் ஸ்பீர் நியூரம்பெர்க்கில் செய்த வேலை அல்லவா? விமான எதிர்ப்பு விளக்குகளை வரிசையாக நிறுத்திக் கூட்டத்தை வாய்பிளக்க வைத்தார். இது அதன் புதிய பதிப்பு.

இன்று வந்த கேள்விகளில் உருப்படியானது இதுதான். கருவி ஒன்றே, அதை மறுக்க முடியாது. ஆனால் நியூரம்பெர்க்கில் விளக்கை இயக்கிய கை ஒன்று, பார்த்த கண்கள் இலட்சக்கணக்கில். 'வோஸ் அல்தா'வில் பேச முன்வந்தவரின் தொண்டையே விளக்கின் விசை. ஒளியின் அளவைக் கண்டு மயங்காமல், விசை யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அதே உறுப்பினர்: 2000-ஆம் ஆண்டை வரவேற்க மெக்சிகோ நகரின் சோகலோ சதுக்கத்தில் 18 விளக்குகளை ஆட்டினாரே, அதற்கு அரசுதானே ஆதரவு தந்தது?

ஆம், அரசு விழாதான். உங்கள் வாதத்தில் பாதி சரி. ஆனால் நாட்டின் வீரப் பெருமைகளைச் சொல்லும் காட்சியாக அதை அமைத்திருக்கலாம். அவரோ இணையம் வழியாக எவரும் ஒளிக்கற்றைகளை வடிவமைக்கட்டும் என்று விட்டு, ஒவ்வொரு வடிவத்துக்கும் அதை உருவாக்கியவரின் பெயரில் ஒரு பக்கமும் கொடுத்தார். ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: பொத்தானை அழுத்த அனுமதிப்பது விடுதலை ஆகாது. பங்கேற்புக் கலை என்ற பெயரில் வரும் எல்லாவற்றையும் நான் ஐயத்தோடுதான் பார்க்கிறேன்.

மற்றோர் உறுப்பினர்: அப்படியானால் முகமறி மென்பொருளைப் பயன்படுத்தினாரே, அது காவல் துறையின் கருவி ஆயிற்றே?

மெக்சிகோவின் அயோத்சினாபா ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் 43 மாணவர்கள் 2014 செப்டம்பர் 26 அன்று இகுவாலாவில் கடத்தப்பட்டுக் காணாமற்போயினர். 2015-இல் அவர் உருவாக்கிய 'லெவல் ஆஃப் கான்ஃபிடன்ஸ்', கேமரா முன் நிற்பவரின் முகம் அவர்களில் யாரை எவ்வளவு ஒத்திருக்கிறது என்று நம்பகத்தன்மையின் அளவோடு காட்டும். குற்றவாளியைத் தேடும் கருவி இங்கே பாதிக்கப்பட்டவரைத் தேடி ஒவ்வொரு முறையும் தோற்கிறது. கருவி தீயது என்பதால் கலைஞன் அதைத் தொடக்கூடாது என்றால், ஒலிபெருக்கியையும் தொடக்கூடாது.

அதே உறுப்பினர்: அது சாமர்த்தியமான பதில். எனக்கு நிறைவில்லை.

நிறைவில்லாமல் இருப்பது நல்லதுதான். 2019 நவம்பரில் அமெரிக்காவின் எல் பாசோவுக்கும் மெக்சிகோவின் சியுதாத் ஹுவாரெசுக்கும் இடையே அவர் செய்த 'பார்டர் டியூனர்' பற்றியும் படித்துவிட்டு வாருங்கள். எல்லையின் இரு பக்கத்திலும் மும்மூன்று நிலையங்கள் அமைத்து, இரு தேடுவிளக்குக் கற்றைகள் வானில் சந்தித்தால் மட்டுமே பேச்சு வழி திறக்கும்படி செய்திருந்தார். தேடுவிளக்கு எல்லைக் காவலின் அடையாளமாக இருக்கும் இடத்திலேயே அதைச் செய்தார் என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: இதைக் கலை என்று எப்படிச் சொல்வது? யார் வேண்டுமானாலும் செய்யலாமே?

செய்யுங்கள்.

கேள்வி: மென்பொருளின் பெயரை மட்டும் சொன்னால் போதும், ஐயா.

மேலே பாருங்கள்.

கேள்வி: இவரைத் தவிர மெக்சிகோவில் வேறு யாரைக் கேட்கலாம்?

கியெர்மோ கலிந்தோவிடமிருந்து தொடங்குங்கள். எல்லையைக் கடந்தவர்கள் விட்டுச் சென்ற பொருள்களைக் கொண்டு இசைக்கருவிகள் செய்தவர். பெத்ரோ ரெயெஸ் 2012-இல் 'டிஸ்ஆர்ம்' படைப்புக்காக, ஹுவாரெசில் பறிமுதல் செய்து அழிக்கப்பட்ட சுமார் 6,700 துப்பாக்கிகளின் பாகங்களிலிருந்து கருவிகள் உருவாக்கினார். அவற்றில் சில தாமாகவே இசைப்பவை. 2013-இல் வெனிஸ் கலை விழாவில் மெக்சிகோவின் சார்பில் கலந்துகொண்ட அரியெல் குசிக், தம்மைச் சுற்றியுள்ள இடத்தோடு சேர்ந்து அதிரும் கருவிகளைச் செய்பவர். மூவரையும் ஹெட்ஃபோன் அணிந்து கேளுங்கள்.